எந்தத் திருவண்ணாமலை?

இரண்டு வருடங்களுக்கு முன், ஆவணி மாதம், என் தங்கையின் கல்யாணம். நாங்கள் இருப்பது ராஜபாளையம். கல்யாணப் பத்திரிகை, கிஃப்ட் பெட்டி என்று காகிதத்தில் கைவேலை செய்து விற்பது என் தொழில். ஊருக்கே செய்கிறவள் சொந்தத் தங்கைக்குச் சும்மா விடுவேனா? பத்திரிகையை ஒரு சின்னப் பெட்டியாகவே செய்தேன். மூடியைத் திறந்தால் மடித்து வைத்த காகித மலை எழுந்து நிற்கும். படிக்கட்டு, உச்சியில் நாமம் போட்ட கோபுரம்.

கல்யாணம் திருவண்ணாமலை பெருமாள் கோவிலில். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து மலைக்கோவில். எங்கள் பக்கத்தில் திருவண்ணாமலை என்றால் அதுதான், யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பத்திரிகையிலும் அப்படியே அடித்துவிட்டோம். புரூஃபை வீடே கூடிப் படித்தது. சித்தப்பாவின் இனிஷியல் விட்டுப்போனதற்கு ஒரு பஞ்சாயத்தே நடந்தது. பக்கத்து ஊர் பெயரைப் போடாதது மட்டும் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

அம்மாவின் ஒரே தம்பி, எங்கள் தாய்மாமன், ஓசூரில் இருக்கிறார். அம்மா பிறந்த ஊரும் அதுதான். ஏதோ பேச்சில் வந்த மனஸ்தாபம், பல வருடமாகப் போக்குவரத்து இல்லை. தாய்மாமனை நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான் முறை. அம்மாவுக்குப் பயம். "வாசல்ல நிக்க வச்சே அனுப்பிட்டான்னா என்னட்டி செய்ய?" என்று பெட்டியைக் கூரியரில் அனுப்பச் சொல்லிவிட்டாள். போனில் கேட்டபோது "வரேன்" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டார் மாமா. அதைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா நடமாடினாள். தம்பி வந்து மாலை எடுத்துக் கொடுத்தால்தான் அவளுக்கு அது கல்யாணம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். பெண் குரல்.

"பொட்டி செஞ்சவங்களாம்மா? நான் திருவண்ணாமலைல பூக்கடை வெச்சிருக்கேன். இங்க ஒருத்தரு உங்க பொட்டியக் கையில வெச்சிக்கினு, மலைமேல பெருமாள் கோயிலு எங்கன்னு கேட்டுக்கினு இருக்காரு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமா முன்கூட்டியே கிளம்பி அந்தத் திருவண்ணாமலையில் போய் இறங்கியிருக்கிறார்! அப்படி ஒரு கோவில் இங்கே இல்லை என்று எல்லோரும் கைவிரித்ததும், வேண்டுமென்றே அலைய விட்டோம் என்று முடிவு கட்டிவிட்டார். கையில் போன் இருந்தது, கூடவே ரோஷமும் இருந்தது. திரும்ப ஓசூர் பஸ் ஏறப் போனவரை நிறுத்தியது இந்தப் பூக்கடை அம்மாதான். பெட்டியை வாங்கித் திறந்து, கோபுரத்தில் நாமத்தைப் பார்த்து, இது வேறு ஊராகத்தான் இருக்கும் என்று அதில் இருந்த என் நம்பருக்குப் போட்டுவிட்டார்.

நான் விஷயத்தைச் சொல்லி, போனை மாமாவிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் வாங்கவில்லை. மாமாவின் புலம்பலை எல்லாம் அந்த அம்மா ஏற்கெனவே கேட்டிருப்பார் போல. மாமாவிடம் அந்த அம்மா பேசியது எனக்கும் காதில் விழுந்தது.

"அண்ணே, அச்சுல ஊரு பேர வுட்டுட்டாங்க, அவ்ளோதான். உங்க அக்கா நேர்ல வந்து கூப்டலன்னுதான கோவம்? இந்தாங்க, பொட்டி மேல வெத்தல பாக்கு வெச்சி நான் குடுக்கறேன். உங்க அக்கா கூப்புடறாங்க, கெளம்புங்க."

பிறகு மாமாவின் குரல்: "எந்த பஸ் ஏறணும், சொல்லு."

மற்ற வெளியூர்க்காரர்களுக்கு அவசர அவசரமாகப் போன் போட்டது தனிக்கதை. மறுநாள் காலை மலை அடிவாரத்தில் ஆட்டோவிலிருந்து மாமா இறங்கினார். அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அதான் கூப்பிட்டியே, வந்துட்டேன்" என்றார் அவர். அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, கண் நிறைந்துவிட்டது.

கல்யாணம் முடிந்ததும் நன்றி சொல்ல அந்த நம்பருக்குப் போட்டேன். "மாலை எடுத்துக் குடுத்தாரா?" என்று மட்டும் கேட்டார். கொடுத்தார் என்றதும், "போதும்மா, வியாபார நேரம்" என்று வைத்துவிட்டார். அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் தாய்மாமனை முறைப்படி நேரில் அழைத்து வைத்தது எங்கள் வீட்டில் யாருமில்லை, அந்த அம்மாதான் என்பதை நினைக்கும்போதெல்லாம் கை தானாகக் கும்பிடப் போகிறது.