அம்மன் முகத்தில் உப்பு

சுனாமிக்கு மறு வருடம், தேவனாம்பட்டினம் கரையில் மணல் அரித்துப்போன இடத்தில் ஓர் அம்மன் சிலை வெளிப்பட்டது. தாலுகா ஆபீஸ் வழியாக அது கடலூரில் நான் வேலை பார்த்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. சிற்பங்களைச் சிதையாமல் காப்பது என் வேலை. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன்.

ஈரம் இருந்தவரை சிலை நன்றாகத்தான் இருந்தது. காயக் காயத்தான் ஆபத்து தெரிந்தது. கல் வெகுகாலம் குடித்திருந்த உப்பு வெள்ளையாகப் பூத்து வெளியே வந்தது. இடது கன்னத்தைத் தூரிகையால் லேசாகத் தொட்டேன், மாவாக உதிர்ந்தது. பயந்து கையை எடுத்துவிட்டேன். அன்றே காகிதக் கூழைச் சுத்தமான நீரில் குழைத்து முகம் முழுக்க அப்பினேன். கூழ் காயும்போது உப்பை இழுத்துக்கொள்ளும். உரித்துவிட்டு மறுபடி அப்ப வேண்டும். மாதக்கணக்கில் அதே வேலை.

ஒருநாள், மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஒரு பெண், கூடையை வாசலில் வைத்துவிட்டு என் அறைக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"எங்க கரையில கெடச்ச அம்மன் இதானா? மூஞ்சில என்னாம்மா கட்டு?"

உப்பைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றவளுக்குக் குரல் மாறியது.

"எங்க புள்ளைங்கள கடலு வாரிக்கினு போனப்ப மண்ணுக்குள்ள சும்மாதான கெடந்திச்சி? இதுக்கு வைத்தியம் ஒரு கேடா?"

ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். வெகுநேரம் கழித்துத்தான் உட்கார்ந்தாள்.

"எம்பொண்ணு கெடைக்கறப்ப மூஞ்சியே தெரியலம்மா. பாவாடைய வச்சித்தான் சொன்னேன். போட்டோ இருந்திச்சி, அதுவும் வூட்டோட போயிடுச்சி."

நான் கூழ் குழைப்பதை நிறுத்தியிருந்தேன். அவள் எழுந்து சிலைக்குப் பக்கத்தில் போனாள்.

"தாடையாண்ட காயுது பாரு."

ஓரிடம் மட்டும் முந்திக் காய்ந்தால் கூழ் கல்லைவிட்டுப் பிரிந்துவிடும், அங்கே நனைக்க வேண்டும். வெளியாட்கள் தொடக் கூடாது என்பது விதி. நனைத்த பஞ்சை அவள் கையில் கொடுத்தேன். "ஒத்தணும், தேய்க்கக் கூடாது" என்றேன். அப்படியே செய்தாள். நீர் கழுத்தில் வழிந்தபோது முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

பிறகு அந்தப் பக்கம் வியாபாரத்துக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். மகளைப் பற்றி மறுபடி பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

உப்பு ஒருவழியாக அடங்கியது. இடது கன்னத்தில் போனது போனதுதான். கண்களும் உதடும் தங்கிவிட்டன. சிலையைக் காட்சிக் கூடத்தில் நிறுத்திய அன்று கரையிலிருந்து ஊர்க்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். கற்பூரம் ஏற்ற அனுமதி இல்லை என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கலைந்தார்கள். அவள் மட்டும் பின்தங்கி, சிலைக்கு நேர் எதிரே வந்து நின்று முகத்தையே பார்த்தாள். கும்பிடவில்லை.

"வேன் கெளம்புது, வா" என்று வெளியிலிருந்து அவள் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"நீங்க போங்க. நான் நடந்து வரேன்" என்றாள்.