இரும்பு இடப்பக்கம் நின்ற காலை

அந்தப் படை முகாமில் லாரி ஓட்டுகிறவருக்கு 'இரும்பு' என்று பட்டப்பேர். வைத்தவர்கள் விளையாட்டுக்கு வைத்தார்கள், மனுஷன் அதை நம்பித் தொலைத்தார். தினமும் காலை அணிவகுப்பில், உடம்புக்கு முடியாதவர்கள் எல்லோர் கண்ணெதிரிலும் விலகி இடப்பக்கம் போய் நிற்க வேண்டும். அங்கிருந்துதான் டாக்டரிடம் அனுப்புவார்கள். அப்படி நிற்கிறவனை "மாப்பிள்ளை வர்றாரு, வழி விடுங்கப்பா" என்று கலாய்ப்பதில் இரும்புதான் முதல் ஆள்.

அப்பேர்ப்பட்டவருக்கு வலது தோள் மக்கர் பண்ணினால் யாரிடம் சொல்வார்? தகுதியில்லை என்று டாக்டர் எழுதிவிட்டால் லாரி போச்சு, கிடங்கில் மூட்டை அடுக்க வேண்டியதுதான். லாரி இல்லாத பிழைப்பை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சல்யூட் அடிக்கக் கை எழும்பாததால், அதிகாரி எதிரே வரும்போதெல்லாம் வலது கையில் டீசல் டப்பாவோடு நடந்தார்.

வீட்டில் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. சட்டை மாட்ட அவர் படும் பாட்டை மனைவி பார்த்துவிட்டாள்.

"நடுரோட்டுல ஸ்டியரிங் திரும்பலைன்னா என்னங்க பண்ணுவீங்க? பின்னாடி உட்கார்ந்து வர்றவங்களுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க."

சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலை இரும்பு இடப்பக்கம் போய் நின்றார். மைதானமே வாயைப் பிளந்தது.

"அடேங்கப்பா, பெரிய மாப்பிள்ளையே வந்துட்டாரு" என்றார் அணியை நடத்துகிறவர்.

"ஆமாண்ணே, வலிக்குது. உங்களுக்கு வலிச்சா நீங்களும் வாங்க" என்றார் இரும்பு. ஒருத்தரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். அவரைப் பார்த்து இன்னொருவரும் வந்தார்.

டாக்டரம்மா தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னும் மறைச்சிருந்தீங்கன்னா ஆபரேஷன்தான். இப்போ பயிற்சியே போதும், தினமும் வந்துட்டுப் போங்க. அதுவரைக்கும் லாரியத் தொடக்கூடாது."

"அப்புறம் திருப்பித் தருவாங்களா மேடம்?"

"ஓட்டிக் காட்டினா தருவாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் போனார். ஓட்டிக் காட்டும் நாளில், இரண்டு சுவருக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார்கள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தார். தோள் முணுமுணுக்கக்கூட இல்லை. லாரி எங்கேயும் உரசாமல் உள்ளே போய் நின்றது.

அதிகாரி சுற்றிவந்து பார்த்தார். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். ஆளுங்க காத்திருக்காங்க, ஏத்திக்கிட்டுக் கிளம்புங்க."

இரும்புக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆட்கள் ஏறி உட்கார்ந்ததும், தேவையே இல்லாமல் ஹாரனை ஒரு நீள அழுத்து அழுத்திவிட்டு வண்டியைக் கிளப்பினார்.