நசியத்தின்போது பேசக் கூடாது

பிரிக்ஃபீல்ட்ஸ் ஆயுர்வேத நிலையத்தில் முகத்துக்கு ஆவி பிடிப்பதைக்கூட ஏசி அறையில்தான் செய்கிறார்கள். மூக்கில் தைலம் விட்டு நசியம் செய்யும்போது தலையில் குளிர்காற்று படக் கூடாது என்று சிகிச்சை தரும் தேவியிடம் விளக்கினேன். "ஏசி இல்லன்னா ஒரு ஆளும் வர மாட்டாங்க அங்கிள்" என்றாள். கும்பகோணத்தில் சித்த, ஆயுர்வேத மருத்துவ அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மூக்கில் எண்ணெய் விடுவது, தொண்டைக்கு இறங்குவதை விழுங்காமல் துப்புவது என்று எல்லா விதியும் அத்துப்படி. அந்த அறிவுக்கு இங்கே கிடைத்த மரியாதை, "படுங்க அங்கிள்."

கடல் கடந்து கிள்ளானில் மகன் வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்த மூக்கடைப்பும் ஒற்றைத் தலைவலியும் தொடங்கின. தலைவலி தீர்ந்ததும் ஊர் திரும்புவதாக மகனிடம் அறிவித்திருந்தேன். என் மனைவி வசந்தாவிடம் கேட்டதாக நினைவில்லை.

ஊர் வைத்தியசாலையில் ஆண்கள் வரிசையாக மல்லாந்து கிடப்போம். பேசக் கூடாதென்பதால் விரல் ஜாடையிலேயே அரசியல் நடக்கும். சுவரெல்லாம் நல்லெண்ணெய் வாசனை. முடித்துக்கொண்டு தெருவில் இறங்கினால், திறந்த மூக்கில் வறுத்த காப்பிக்கொட்டை மணம் வந்து மோதும். அதற்காகவே ஊருக்குப் போகலாம். வசந்தா வெளியே வேப்பமரத்தடியில் காத்திருப்பாள். பெண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை.

இங்கே என் தலைமாட்டிலேயே அவளுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

வெதுவெதுப்பான தைலம் மூக்கில் இறங்கியது. "பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, கோபப்படக் கூடாதுலா" என்றாள் தேவி. பிறகு வசந்தாவிடம், "அங்கிளுக்கு சீக்கிரம் சரியாயிடும் ஆன்டி. ஊருக்குப் போயிடலாம்" என்றாள்.

"மெதுவாவே சரியாகட்டும்மா."

"ஏன் ஆன்டி?"

"அங்க நான் சார் வீட்டம்மா. அவ்வளவுதான். இங்க தனியா ரயிலேறிக் கோயிலுக்குப் போறேன். வசந்தாக்கா எங்கன்னு தேட நாலு பேர் இருக்காங்க. எனக்குப் போக மனசில்ல."

"ஐயோ, அங்கிள் கேட்டுக்கிட்டுதான் இருக்காரு!"

"கேக்கட்டும். இப்ப பதில் சொல்ல முடியாதில்ல."

இருவரும் சிரித்தார்கள். விதிப்படி நான் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கண் மட்டும் நிறைந்து காதோரம் வழிந்தது. தேவி பஞ்சால் ஒற்றியெடுத்து, "எரியுதா அங்கிள்? நல்லது, மருந்து ஏறுது" என்றாள். அதை நான் திருத்தவில்லை.

துப்பி, வாய் கொப்பளித்து, மஞ்சள் திரியின் புகை பிடித்து எழுந்தேன். "இப்ப பேசலாம்" என்றாள் தேவி. நான் செருப்பைத் தேடினேன்.

கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் வசந்தா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். யாரோ வைத்திருந்த பையிலிருந்து டுரியான் பழ வாசனை பெட்டி முழுக்கப் பரவியிருந்தது. இத்தனை மாதங்களில் இன்றுதான் அது எனக்கு எட்டியது.

"தலைவலி எப்படி இருக்கு?" என்று வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றேன்.

மூச்சு இரண்டு பக்கமும் தடையில்லாமல் போய்வந்துகொண்டிருந்தது.