கார்பன் வில்லும் ஒரு குடம் நல்ல தண்ணீரும்

பதினோரு வருடமாகக் கோவில் பாடகர் குழுவில் வயலின் வாசிக்கிறேன். வாசிக்கிறேன் என்பதைவிடக் கூட்டத்தோடு கோவிந்தா போடுகிறேன் என்று சொல்லலாம். மாதா கோவிலில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது தப்புதான், ஆனால் உண்மை அதுதான். நான்கு வயலின், ஒரு கீபோர்டு, இருபது குரல். நான் ஒரு ஞாயிறு வாசிக்காமல் சும்மா கையை ஆட்டினால்கூட யாருக்கும் தெரியாது. ஆட்டியும் இருக்கிறேன்.

இந்த வருடத் திருவிழாப் பூசைக்குக் குழு மாஸ்டர் என்னிடம் ஒரு நிமிடத்தைத் தூக்கிக் கொடுத்தார். காணிக்கைப் பாடலின் நடுவில் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள், வயலின் மட்டும் தனியாகப் போகும். ஒரே ஒரு நிமிடம். எனக்கு நாற்பத்தெட்டு வயது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் கன்டெய்னர் நம்பர்களை அடித்து அடித்தே கண் பூத்துப்போனவள். அந்த ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு பெரிது என்று வெளியே காட்டிக்கொள்ளவில்லை. சரி மாஸ்டர், பார்ப்போம் என்றேன். ஒத்திகையில் வில் கீச்சிட்டது. இப்படியே இருந்தால் அதைக் கீபோர்டிலேயே போட்டுவிடலாம் என்று அவர் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

தப்பு என் கையில் பாதி, வில்லில் பாதி. கடற்கரை ஊரில் மரவில் நேராக நிற்பதில்லை. என்னுடையது மழைக்கு ஒரு பக்கமும் வெயிலுக்கு ஒரு பக்கமும் வளைந்து, கடைசியில் வெண்டைக்காய் மாதிரி ஆகிவிட்டது. காற்றுக்கும் ஈரத்துக்கும் வளையாத கார்பன் ஃபைபர் வில் வாங்கு என்று மாஸ்டரே சொன்னார். போனில் தேடினால் எண்ணூறு ரூபாய்க்கும் இருக்கிறது, எண்பதாயிரத்துக்கும் இருக்கிறது. எல்லாம் கறுப்பு, எல்லாம் பளபளப்பு. படத்தைப் பார்த்து வில் வாங்குவதும் படத்தைப் பார்த்து மாப்பிள்ளை எடுப்பதும் ஒன்றுதான் என்று போனை மூடி வைத்தேன். ஐயாயிரத்துக்குள் என்று முடிவு செய்து, வயலினையும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை திருநெல்வேலிக்குக் கிளம்பினேன்.

கூட வீட்டுக்காரரும் வந்தார். அவருக்குத் திரேஸ்புரத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிற வேலை. அடிபட்ட இடத்தைச் சுரண்டி, கிளாஸ் துணியை வைத்து, ரெசினைப் பூசி மூடுவார். பாட்டுக்கும் அவருக்கும் ரொம்ப தூரம். பூசை நேரத்தில் கோவிலுக்கு உள்ளேகூட வரமாட்டார். ஆண்கள் சிலர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றபடியே பூசை பார்ப்பார்கள் இல்லையா, அந்தக் கூட்டம். பதினோரு வருடத்தில் நான் வாசித்து அவர் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டதுதான்.

கடைக்கார அண்ணாச்சி மேசையில் நான்கு வில்லை எடுத்து வைத்தார். அதில் ஒன்று கோரைப்பாய்ப் பின்னல் மாதிரி வரிவரியாக மின்னியது. நாலாயிரத்து எண்ணூறு. பார்த்ததும் என் மனசு அதில் விழுந்துவிட்டது. எடுத்துப் பிடித்தேன், கைக்கு அழகாக இருந்தது. இது போதும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் இவர் அதை என் கையிலிருந்து வாங்கி, ஒரு கண்ணை மூடி, துடுப்பைப் பார்ப்பதுபோல் நீளவாக்கில் பார்த்தார். பிறகு நகத்தால் தட்டினார். பிறகு நுனியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இவர் என்ன வில்லுக்கா ஒட்டுப் போடப் போகிறார்?

"ஏளா, இங்கன பாரு," என்றார். நுனியில் கடுகளவு பெயிண்ட் பெயர்ந்திருந்தது. உள்ளே வெள்ளை; கார்பன் என்றால் உள்ளேயும் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். "இது நாங்க படகுக்குப் போடுத கிளாஸ். மேல கார்பன் மாதிரி படம் ஒட்டியிருக்கான்."

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மொத்த வியாபாரி தன்னையும் ஏமாற்றிவிட்டான் என்று சங்கடப்பட்டு, அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் மீதி மூன்றையும் வாசித்துப் பார்த்தேன். ஒன்று நுனியில் கனத்துக் கையைக் கீழே இழுத்தது. ஒன்று அழுத்தினால் உடனே குச்சி வளைந்து, கம்பியில் உரசுகிற முடியில் போய் இடித்தது. மூன்றாவதற்குப் பின்னலும் இல்லை, மினுக்கமும் இல்லை. அடுப்புக்கரி நிறம், விலையும் மூவாயிரத்து இருநூறுதான். என் ஒரு நிமிடத்தை அதில் வாசித்தபோது, மெதுவாக இழுக்கிற இடத்தில்கூடச் சத்தம் நடுங்கவில்லை. அதுதான் என் வில்.

கட்டிக் கொடுக்கும்போது அண்ணாச்சி ஒன்று சொன்னார். குச்சி கார்பன்தான், ஆனால் முடி குதிரைவால் முடிதான். வாசித்து முடித்ததும் குச்சியின் அடியில் உள்ள திருகை நாலு சுற்றுத் தளர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முடி இழுபட்டே கிடக்கும். எனக்குத் தெரியாதா அண்ணாச்சி, பதினோரு வருடமாக வாசிக்கிறேன் என்றேன். இவர் பக்கத்தில் நின்று அந்தத் திருகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலை கடைசி ஒத்திகை. வில் சொன்னபடி கேட்டது. மாஸ்டர் கீபோர்டுப் பேச்சையே எடுக்கவில்லை. பூரிப்போடு வீட்டுக்கு வந்து, வயலினையும் வில்லையும் மேசையில் வைத்துவிட்டு மீன் வாங்க ஓடினேன். கடையில் கூட்டம். திரும்பி வந்து குசினி ஜன்னல் வழியாகக் கொல்லைப்புறத்தைப் பார்த்தேன். துணிக்கொடியில், என் நைட்டிக்கும் அவருடைய லுங்கிக்கும் நடுவில், கிளிப் மாட்டி என் வில் தொங்கிக்கொண்டிருந்தது.

வில்முடிக்கு ரோசின் என்று ஒரு பிசின் கட்டியைத் தேய்ப்போம். அது இல்லாவிட்டால் முடி கம்பியில் வழுக்கும், சத்தமே வராது. தேய்த்து வாசித்தால் குச்சியெல்லாம் வெள்ளையாகப் பொடி படியும். கறுப்புக் குச்சியில் அது பளிச்சென்று தெரியும். எங்கள் ஊரில் வெள்ளையாகப் படிந்தால் அது உப்பு. உப்பென்றால் உடனே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். இன்ஜினோ, பைக்கோ, தூண்டிலோ, அலசாமல் விட்டால் அரித்துவிடும். மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வராத நேரத்தில், குடிக்கிற குடத்திலிருந்து மொண்டு, முடியையும் சேர்த்து இவர் அலசியிருக்கிறார்.

"உப்பு அப்பிக் கெடந்துச்சு, அதான் நல்ல தண்ணில அலசிப் போட்டேன்," என்றார், நல்ல காரியம் செய்த முகத்தோடு.

நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. படகைத் தவிர உலகத்தில் வேறெதுவும் தெரியாத மனுஷன் என்றேன். பதினோரு வருடத்தில் ஒரு நாள் உள்ளே வந்து கேட்டிருந்தால் இது உப்பா பொடியா என்று தெரிந்திருக்கும் என்றேன். அவர் கிளிப்பைக் கழற்றி வில்லை என் கையில் கொடுத்தார். கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. காய்ந்த முடி சுருங்கிக் கம்பிபோல் விறைத்து, குச்சியை வளைத்துப் பிடித்திருந்தது. மரவில்லாக இருந்தால் நுனி முறிந்திருக்கும். இது அசையவில்லை. திருகு எனக்குத் திரும்பவில்லை. அவர்தான் துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகித் தளர்த்தினார்.

முடி கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தது. பழைய பல்துலக்கியால் அதைப் பிரித்துச் சீவினேன். கம்பியில் வைத்து இழுத்தேன், சத்தம் இல்லை. அழுகை வந்துவிட்டது. அவர் ரோசின் கட்டியை எடுத்து, எப்படித் தேய்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். படகுக்கு உப்புத்தாள் போடுகிற கை அது, அலுக்கவே அலுக்காது. கீழிருந்து மேல், மேலிருந்து கீழ், ஒரே சீராகத் தேய்த்தார். அவருக்குக் கை வலிக்கும்போது நான், எனக்கு வலிக்கும்போது அவர். ஒரு மணி நேரம் கழித்துக் கம்பியில் வைத்தேன். ஒலித்தது. காலையைவிடச் சுத்தமாகவே ஒலித்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் பூசையில் பாடல் நின்றது. நான் வில்லைத் தூக்கினேன். கோவிலே காத்திருக்கிற அந்த அமைதியில் நிமிர்ந்தபோது, பக்கவாசல் தூணோரம் வெள்ளைச் சட்டை தெரிந்தது. உள்ளே வந்திருந்தார். அந்த ஒரு நிமிடத்தில் என் கை எங்கும் தடுமாறவில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் எதையுமே செய்ததில்லை.

பூசை முடிந்து ஆளாளுக்குக் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். நான் வில்லைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் அதைக் கையில் எடுத்திருக்கிறார். குச்சியில் மறுபடி வெள்ளைப் பொடி. சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, ஈரம் படாமல், முடியைத் தொடாமல், குச்சியை மட்டும் துடைத்தார். பிறகு திருகைத் திருப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"நேத்தும் நீ இதத் தளத்தாமத்தான் வச்சிட்டுப் போன," என்றார்.

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவ்வளவு பேச்சையும் வாங்கிக்கொண்டு நின்றாரே, அப்போதே இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"நேத்து சொல்லியிருந்தா, இன்னைக்கு நீ வாசிச்சிருப்பியா?" என்று கேட்டுவிட்டு, வில்லைப் பெட்டியில் வைத்து மூடினார்.