ஆடு கட்டிய வளையம்

இன்று மதுரைக்குப் போக மும்பையில் விமானம் ஏறுகையில் மூக்கில் ஏறிய எரிபொருள் வாடை, சின்ன வயதில் இதே சாந்தாகுரூஸ் விமான நிலையத்து ரன்வே ஓரத்தில் நாங்கள் குடியிருந்த தகரக் கொட்டகைக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. அதன் வாசலில், யுத்தகாலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் போட்ட சிமெண்டுத் தரையில் பதிந்திருந்த இரும்பு வளையத்தில்தான் அம்மா ஆட்டைக் கட்டுவாள்.

"இந்த வளையம் எதுக்குப்பா?" என்று நச்சரித்தேன்.

"ஏரோப்ளேனக் காத்து தூக்கிட்டுப் போயிரக் கூடாதுல்லா, அதுக்குத்தான் கட்டிப்போட்டானுவ" என்றார் அப்பா.

ஏரோப்ளேனையே தூக்கும் காற்று ஆட்டை விடுமா? அன்றுமுதல், பள்ளிக்கூடம் போகுமுன் அந்தக் கயிற்றில் இன்னொரு முடிச்சும் போட்டேன். அவிழ்க்க முடியாமல் அம்மா தினமும் திட்டுவாள்.

ரன்வேயை அகலப்படுத்தியபோது கொட்டகை போய்விட்டது. இப்போது அந்த இடத்தின் மேல்தான் விமானம் ஓடப்போகிறது. கட்டியிருந்த பெல்ட்டை இன்னொரு முறை இழுத்து இறுக்கிக்கொண்டேன்.