வளைவில் நின்ற தம்பி

பனி என்றால் எனக்கு வழிக்கிற வேலை, அவ்வளவுதான். கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் இருபத்தைந்து வருடமாக வீட்டு வாசலில் அதை வழித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். லீவு எடுத்துக்கொண்டு போய் அதில் சறுக்கி விளையாடவும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய பகிடி. அப்படிப்பட்ட நான் ஐந்து கோடைகாலமாக, ஓகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை, தேத்தண்ணீரும் கையுமாகக் கணினிக்கு முன்னால் இருந்து நோர்டிக் கம்பைன்ட் பார்க்கிறேன். மகள் முதலில் சிரித்தாள். காரணம் தெரிந்த பிறகு சிரிப்பதில்லை.

விளையாட்டு இதுதான். ஒரே ஆள் இரண்டு வேலை செய்யவேண்டும். முதலில் உயரமான சறுக்குமேடையிலிருந்து பாய்ந்து பறக்கவேண்டும். பிறகு பத்துக் கிலோமீற்றர் ஓட்டம். கோடையில் பனி ஏது? மேடைக்குப் பிளாஸ்டிக் பாய் விரித்துத் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஓட்டம் தார் வீதியில், காலில் சில்லுப் பூட்டிய கட்டைகளோடு. பாய்ச்சலில் முந்தியவன் முதலில் புறப்படுவான். மற்றவர்கள் பின்தங்கிய அளவுக்குப் பத்துச் செக்கன், ஒரு நிமிடம் என்று பிந்திப் புறப்பட்டு அவனைத் துரத்தவேண்டும். ஐரோப்பாவின் மலையூர்களில் வருடா வருடம் இது ஒரு தொடராக நடக்கும். அந்த ஊர்களில் ஒன்றில், ஜேர்மனியில், என் தம்பி இருக்கிறான்.

அவனுக்கு நகரசபையில் வீதி வேலை. போட்டி நாளில் மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு ஒரு வளைவில் நின்று, ஆட்கள் குறுக்கே போகாமல் மறிப்பது அவன் பொறுப்பு. அந்த வளைவில் ஒரு கமெரா இருந்தது. ஓட்டம் நாலு சுற்று. ஆகவே வருடத்தில் நாலு தரம், தரத்துக்கு இரண்டு மூன்று செக்கன், என் தம்பியைக் காண்பேன். யார் வென்றது என்று எந்த வருடமும் நான் கவனித்ததில்லை. அவன் அங்கே நிற்பான் என்பதெல்லாம் என் மனைவி மூலம் வந்த தகவல். அவளும் தம்பியின் மனைவியும் தொலைபேசியில் கதைப்பதை நிறுத்தவேயில்லை. நிறுத்தியது நாங்கள் இரண்டு பேரும்தான்.

அம்மாவால் வந்த பிரிவு என்று சனம் சொல்லும். அம்மாவைச் சொல்வது பாவம், என்னால் வந்தது. அம்மா என் வீட்டில்தான் இருந்தார். ஒரு புதன்கிழமை காலமானார். எங்கள் முறைப்படி தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், தாய்க்குக் கடைசி மகன். அம்மாவுக்கு உரியவன் அவன். அப்போது அவனிடம் அகதிப் பயணப் பத்திரம் மட்டும்தான் இருந்தது. திங்கட்கிழமை விசா கிடைக்கும், செவ்வாய் வந்து இறங்கிவிடுவேன், அதுவரை அம்மாவை வைத்திருங்கள் என்று கேட்டான்.

வைத்திருக்கலாம். உடலைக் குளிரூட்டி வைக்கிற மலர்ச்சாலைக்காரர் ஒரு கிழமையும் வைத்திருப்பார்கள். ஆனால் சனி பார்வைக்கு, ஞாயிறு தகனம் என்று நான் மரண அறிவித்தல் போட்டுவிட்டேன். ஸ்காபரோவில் எங்கள் சனம் எந்த நாளிலும் சாகும். செத்தவீடு மட்டும் வார இறுதியில்தான். வேலைநாளில் வைத்தால் மண்டபம் வெறிச்சோடிக் கிடக்கும். தாயின் செத்தவீட்டுக்கு நாற்பது பேர்தான் என்று பிறகு கதைப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. எனக்கு அந்த வாய்க்குப் பயம்.

"சனம் வேலைநாளில வராது," என்று அவனுக்குச் சொன்னேன்.

"அப்ப நான் சனமில்லையோ, அண்ணை?" என்றான்.

மண்டபக்காரருடன் கதைக்கவேண்டும் என்று சொல்லி நான் போனை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்தது. பின்வரிசையில் ஆட்கள் நின்றார்கள். தகனசாலையில் கொள்ளிக்குப் பதிலாக இருக்கிற பொத்தானை நான் அமர்த்தினேன். அவன் பிறகு வரவேயில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும்கூட. என் அழைப்பை எடுக்கவும் இல்லை. மூன்று தரம் அடித்துப் பார்த்தேன். பிறகு எனக்கும் ரோசம் வந்துவிட்டது. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற குணம் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் குறைவில்லை.

அடுத்த கோடையில் இருந்து அந்த வளைவைப் பார்க்கத் தொடங்கினேன். தலை நரைத்திருந்தான். ஒரு வருடம் வீதிக்குள் ஓடிய சின்னப்பிள்ளை ஒன்றைத் தூக்கிக்கொண்டு சிரித்தான். நானும் இங்கே இருந்து சிரித்தேன். போன வருடம் நன்றாக மெலிந்திருந்தான். சீனி வருத்தமாம், சோற்றைக் குறைத்துவிட்டாராம் என்றாள் மனைவி. நம்புவது சுகமாக இருந்தபடியால் நம்பினேன்.

இந்த வருடம் முதல் சுற்றில் அந்த வளைவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றாள். எங்காவது விலகி நிற்பான் என்று நினைத்தேன். இரண்டாவது சுற்றிலும் அவள்தான். மூன்றாவதிலும் அவளைக் கண்டதும் மனைவியைக் கூப்பிட்டேன். குசினியிலிருந்து வந்தவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"உங்களிட்டைச் சொல்லவேண்டாம் எண்டவராம்," என்றாள்.

வயிற்றில் கட்டி. மாசி மாதம் வெட்டி எடுத்திருக்கிறார்கள், பிறகும் பரவிவிட்டது. வைத்தியர்கள் இப்போது மாதக் கணக்கில்தான் கதைக்கிறார்களாம். இவளுக்கு அப்போதே தெரியும். கத்தவேண்டும் போல இருந்தது. கத்துவதற்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்றும் இருந்தது.

மனைவி இலக்கத்தை அழுத்தித் தந்தாள். அவனே எடுத்தான். வீட்டில் இருந்து அதே ஓட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே கேட்ட ஆரவாரம் கொஞ்சம் பிந்தி என் கணினியில் வந்தது. எவ்வளவோ சொல்ல நினைத்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்:

"நான் பிழை விட்டிட்டன். ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம். சனத்துக்காகத்தான் செய்தனான்."

"ஓம், தெரியும்," என்றான்.

குரல் நூலாகிவிட்டிருந்தது. பிள்ளைகளைக் கேட்டான், என் முழங்கால் வருத்தத்தைக் கேட்டான். என் முழங்கால் நோவு வரைக்கும் அவனுக்குத் தெரிந்திருந்தது. பிறகு இன்றைக்குச் சாப்பிட்டதைச் சொல்வது போலச் சொன்னான்.

"அண்ணை, நான் போனா, நீங்கள் வந்து சேருமட்டும் என்னை வச்சிருக்கச் சொல்லிப்போட்டன். எத்தினை நாளெண்டாலும் பறவாயில்லை."

அம்மாவின் செத்தவீட்டில் நான் அழவில்லை. வந்தவர்களை வரவேற்பதிலேயே நேரம் போய்விட்டது. அவனோடு கதைத்த அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மகள் மாடியிலிருந்து இறங்கி ஓடிவரும் அளவுக்கு அழுதேன்.

செவ்வாய்க்கிழமைதான் கிட்டிய விமானம். செவ்வாயில் தூரப் பயணம் நல்லதில்லை, வெள்ளி பின்னேரம் போனால் லீவும் மிச்சம் என்றாள் மனைவி. நான் செவ்வாய்க்கிழமையே ஏறினேன். அவன் வீட்டு மணியை அடித்தபோது, நேரம் எடுத்து, சுவரைப் பிடித்துப் பிடித்து, கதவை அவனே வந்து திறந்தான்.