சிவந்த பஞ்சு

அந்தப் பஞ்சுக் குச்சியின் முனை சிவந்திருந்தது. ரத்தம் இல்லை, வெற்றிலைச் சாறு. ஆம்பூர் பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றிலிருந்து எங்கள் வேலூர் லேபுக்கு வந்த தொண்டைச் சளி மாதிரிகளில் பாதி அப்படித்தான் இருந்தன. ஊறும் தோலின் வாடையைத் தாங்க அங்கே வெற்றிலை பாக்கை வாயில் அடக்கிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். மாதிரி எடுக்கப் போனவனும் கொப்பளித்துவிட்டு வரச் சொல்லவில்லை. சிவந்தவற்றில் ஒன்று என் மாமாவுடையது. அம்மாவின் தம்பி.

கொரோனா இரண்டாம் முறை ஊரைப் புரட்டிப்போட்ட கோடை அது. முந்தின நாளே மாமா போனில் சொல்லியிருந்தார்: "தொண்டை கரகரன்னு இருக்குதும்மா. எனக்கு இருக்குதுன்னு வந்தா உங்க அத்தைய அவங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடுறேன். அதுக்கு சக்கரை ஜாஸ்தி, தாங்காது." அத்தை அந்த வீட்டில் இருக்கலாமா, கூடாதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

எங்கள் வேலை ஒன்றும் மாயவித்தை இல்லை. சளியிலிருந்து வைரஸின் மரபுப்பொருளைப் பிரித்து, மெஷினில் சூடாக்கி ஆறவைத்து, பல மடங்காகப் பெருக்குவோம். வைரஸ் இருந்தால் திரையில் ஒரு கோடு மேலே ஏறும். கூடவே இன்னொரு கோடு உண்டு. அது மனித உடம்புக்கான கோடு, யாருடைய சளியாக இருந்தாலும் ஏறியாக வேண்டும். மாமாவுக்கு இரண்டுமே ஏறவில்லை. மற்ற சிவந்த குச்சிகளுக்கும் அப்படியே. பாக்கின் துவர்ப்பு பெருக்கத்தையே தடுத்துவிட்டது. வைரஸ் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. சோதனையே நடக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மறுபடி மாதிரி எடுக்க வேண்டும் என்று லேப் டாக்டரிடம் சொன்னேன். ஏற்றுமதி ஆர்டர், மறுநாள் காலை ஷிப்டு ஓட வேண்டும் என்று கம்பெனியிலிருந்து அவருக்குப் போன் மேல் போன். "வைரஸ் கோடு எழும்பல இல்ல? அப்புறம் இன்னா? நெகட்டிவ்னு அனுப்பு" என்றார். முடியாது என்றேன். அவரே உட்கார்ந்து அனுப்பினார். இரண்டாவது கோடு எதற்கு என்று எனக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான். தெரியாமல் செய்தார் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

உடனே மாமாவைக் கூப்பிட்டு, அந்த ரிப்போர்ட்டை நம்பாதீர்கள் என்றேன். "டாக்டரே கையெழுத்து போட்டு இல்லன்னு அனுப்பிட்டாரு, நீ இன்னாம்மா சும்மா பேஜாரு பண்ற? மேஸ்திரியும் வேலைக்கு வரச் சொல்லிட்டாரு." அன்றும் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பரிமாற, அவர் சாப்பிட்டார். அடுத்த வாரம் அத்தைக்கு மூச்சிரைத்தது. ஆஸ்பத்திரியில் எடுத்த சோதனையில் கோடு சரசரவென்று ஏறியதாம். அத்தை வீடு திரும்பவில்லை. முகத்தைக்கூட எங்களுக்குச் சரியாகக் காட்டவில்லை.

"என் வாய்தான் அவள கொண்டுபோச்சு" என்று மாமா வெற்றிலையை விட்டார். எத்தனை விளக்கினாலும் பழியைத் தன் மேலேயே போட்டுக்கொள்கிறார். அந்த டாக்டர் இன்றும் அதே லேபின் கண்ணாடி அறையில் கையெழுத்துப் போடுகிறார். நான்தான் வேறு லேபுக்கு மாறினேன். அவர் மேல் எனக்கிருக்கும் ஆத்திரம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

போன மாதம் மாமா காய்ச்சலோடு என்னிடமே வந்தார். கேட்காமலே வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பல்லில் பழைய கறை அப்படியே இருந்தது. பஞ்சு மட்டும் வெள்ளையாக வெளியே வந்தது. அதையே உற்றுப் பார்த்தார்.

"சுத்தமா இருக்குதாம்மா? இப்ப உங்க மெஷினு சரியா சொல்லுமா?"

சொல்லும் மாமா என்றேன். இருக்கிறது என்றே வந்தாலும், அண்ணன் வீட்டுக்கு அனுப்பி வைக்க மாமா வீட்டில் யாரும் இல்லை.